துறைமுகம் வருமா என்று கேட்டால்

2016 ஜூலையில் குளச்சலை அடுத்த இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. வள்ளம் ஏற்றும் கரை போய்விடும், கடலரிப்பு கூடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். பிறகு திட்டம் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடைப்பட்ட கரைக்கு மாறியது. அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. 2019 பொதுத்தேர்தல் முடிந்து, கன்னியாகுமரி எம்.பி. எச். வசந்தகுமார் மறைவால் 2021 ஏப்ரல் 6 அன்று இடைத்தேர்தல் வந்தபோதும் கரையோர ஊர்களில் கேள்வி மாறவில்லை: துறைமுகம் வருமா, வராதா?

இப்படிப்பட்ட கேள்விக்கு எந்தக் கட்சிக்காரரும் சொல்லக்கூடிய ஒரு பதில் உண்டு: “மக்கள் விரும்பாத எந்தத் திட்டமும் வராது.” காதுக்கு உறுதிமொழி போலவே இருக்கும். ஆனால் மக்கள் விரும்புகிறார்களா என்பதை யார் முடிவுசெய்வது? கிராமசபையா, கருத்துக்கேட்புக் கூட்டமா, தில்லியா? திட்டம் வந்தால் இவர் என்ன செய்வார்? எதுவும் அதில் இல்லை. இன்னொரு வழி, எதிராளியைக் காட்டிவிடுவது: “தொடங்கிவைத்ததே அவர்கள்தான்.” அது உண்மையாகவே இருக்கலாம். கேட்டதற்கு அது பதில் இல்லை.

இந்தப் பதில்கள் எடுபடுவதற்குப் பாதிக் காரணம் கேள்வி கேட்கும் செய்தியாளர்கள். பிரச்சார வண்டிக்கு அருகே நெரிசலில் மைக்கை நீட்டி ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் வழுக்கியதும் அடுத்தவர் கூட்டணி பற்றிக் கேட்டுவிடுவார். 1997இல் பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டார். பதில் கிடைக்கவில்லை, ஆனால் அவர் பதில் சொல்லவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது வாக்குக் கணக்கு. மீனவர் வாக்கு இத்தனை, நாடார் வாக்கு இத்தனை, எந்தச் சபை எந்தப் பக்கம் என்று குமரி மாவட்டத்தைப் பங்குபோட்டு எழுதும்போது, கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு நிற்கிற மனிதர் வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார். அவர் கேள்வி செய்திக்குள் வருவதே இல்லை. காசு வாங்கிப் போடும் செய்தியைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் தேர்தல் ஆணையத்தின் குழு உண்டு. கேட்கப்படாத கேள்விக்கு அப்படியொரு குழு கிடையாது.

மழுப்ப முடியாத சில தாள்களும் இருக்கின்றன. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26இல் சொத்து, கடன், வழக்கு விவரம் எல்லாம் வரும். குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி வெளியிட வேண்டும். ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்.பி.யாக இருந்தவர் மறுபடி நின்றால், மக்களவை இணையதளத்தில் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் தேதியோடு கிடைக்கும். துறைமுகம் பற்றி எத்தனை முறை கேட்டார் என்று அங்கே பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு கூட்டத்துக்குப் போகலாம்.