பழைய மடிக்கணினிக்கு விலை யாது?

ஒருவர் 40,000 ரூபாவுக்குக் கொடுத்த மடிக்கணினி, சில வாரங்களின் பின் அதே கடையில் 75,000 ரூபாவுக்கு விற்பனைக்கு இருக்கின்றது எனக் கொள்வோம். கொடுத்தவர் நெஞ்சு சுடுமன்றோ? ஆயின், இடைப்பட்ட 35,000 ரூபாவும் வணிகரின் இலாபமே என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

பழையதை ஏற்பவர் அதனைச் சோதித்தல் வேண்டும். உள்ளிருக்கும் தரவுகளை மீட்கவியலாவண்ணம் அழித்தல் வேண்டும். தேய்ந்த மின்கலத்தை மாற்றுதல் வேண்டும். பத்தில் ஒன்று திருத்தவியலாது போயின், அதன் நட்டத்தை ஏனைய ஒன்பதுமே சுமக்கும். விற்பனையாகாது கிடக்கும் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கிக்கொண்டேயிருக்கும்.

இவற்றினும் பெரியது ஐயத்தின் விலை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ், பழைய மோட்டார் வண்டிகளை உதாரணமாகக் கொண்டு 1970ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் நடுத்தரப் பொருளுக்குரிய விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல பொருள் உடையோர்க்குக் கட்டுபடியாகாது. அவர்கள் விலகிக்கொள்ள, சந்தையில் எஞ்சுவன பெரும்பாலும் குறையுள்ளனவே. தகவற் சமமின்மை பற்றிய இவ்வாராய்ச்சிக்காக, வேறிருவருடன் அவர் 2001ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஐயத்துக்கு மருந்து உத்தரவாதமே. செம்மைசெய்த கணினிக்கு நாம் மேலதிகமாகக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி அந்த நம்பிக்கைக்கு உரியது.

புதியதன் விலையும் பழையதன் மதிப்பை ஆளும். 2022ஆம் ஆண்டிற் சில மாதங்களுள் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதியாகும் புதுக் கணினி எட்டாக் கனியாகும்போது, பலரும் பழையதை நாடுவர். அதன் விலையும் உடன் ஏறும்.

மறுபுறம், மிக மலிவானது எல்லாம் நயமன்று. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்தோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. இன்ரெல் நிறுவனத்தின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட சில்லுகளிற் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அத்தகைய கணினி மலிவாக வருவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பிள்ளையின் படிப்புக்காகக் கணினி வாங்கும் பெற்றோர் மூன்றைக் கேட்டறிக: சில்லு எத்தலைமுறையினது? மின்கலம் மாற்றப்பட்டதா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவோர், கழிக்கப்படும் தொகையைக் கண்டு மகிழ்தல் போதாது. கையிலிருந்து கொடுக்கவேண்டிய மிகுதிப் பணத்தைப் பிற கடைகளின் ரொக்க விலையோடு ஒப்பிடுக. பழையதற்கு உண்மையிற் கிடைத்த விலை யாதென்பது அப்பொழுதே புலனாகும்.