தீர்ந்த செல்லிலும் வெளிச்சம்!

2020 மே 20-ஆம் தேதி அடித்த அம்பன் புயலுக்குப் பின், கொல்கத்தாவில் ஜாதவ்பூர் உள்படப் பல பகுதிகள் நாள் கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய இரவுகளில் கைகொடுக்கும் எளிய விளக்கு ஒன்று உண்டு.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். பென்சில் செல் தருவதோ 1.5 வோல்ட்தான். காபர்னிக் என்பவர் 1999-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் இதற்கு வழி காட்டினார்.

பெரைட் வளையத்தில் இரு எனாமல் கம்பிகளைச் சேர்த்து 15 சுற்றுச் சுற்றி, முனைகளில் எனாமலைச் சுரண்டிவிட வேண்டும். முதல் கம்பியின் தொடக்கத்தையும் இரண்டாவதன் முடிவையும் இணைத்து, செல்லின் பாசிடிவ் முனையில் கொடுக்கவும். எஞ்சிய முனைகளில் ஒன்றை 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டரின் பேஸிலும், மற்றதைக் கலெக்டரிலும் சேர்க்கவும். எமிட்டர் நெகடிவ் முனைக்கு. எல்.இ.டி.யின் நீண்ட கால் கலெக்டருக்கு. குட்டைக் கால் எமிட்டருக்கு.

டிரான்சிஸ்டர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை சுருளில் மின்னோட்டத்தை விட்டு விட்டு நிறுத்துகிறது. நிறுத்தும்போதெல்லாம் மின்னழுத்தம் எழும்பி விளக்கு எரிகிறது. டார்ச்சுக்கு உதவாத செல்லும் இதில் பயன்படும்.

உதிரிப் பொருள்கள் சாந்தினி சௌக் கடைகளில் கிடைக்கும். இந்த வெளிச்சம் படிக்கப் போதாது. மாடிப்படி இறங்கவும் மருந்துச் சீட்டைப் பார்க்கவும் போதும். கசிந்த செல்லை மட்டும் தவிர்க்கவும்.