பிரித்தலும் கோத்தலும்

நுழையும்முன்

ஓர் எந்திரத்தைப் பிரிப்பதற்குக் கைவலிமை போதும். அதனை மீண்டும் கோப்பதற்கு அறிவும் ஒழுங்கும் பொறுமையும் வேண்டும். பல்லாண்டுகள் ஓடாமல் நின்றுபோன டீசல் மகிழுந்தின் எந்திரத்தைப் பழுதுநீக்கி இயங்கச் செய்வது, நம் ஊர்ப் பட்டறைகளில் அமைதியாக நடைபெற்றுவரும் அரும்பணி. கரிபடிந்த அக்கைகளுக்குள் எத்துணை அறிவியல் அடங்கியிருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழுத்தத்தில் பிறக்கும் நெருப்பு

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய எந்திரமே இன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது. பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எந்திரத்தில் மின்பொறிக்கு இடமில்லை. உருளைக்குள் புகுந்த காற்றை, பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்படி அழுத்துகிறது. அதனால் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்நேரத்தில் நாசில் வழியாக நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

எனவே, டீசல் எந்திரத்தின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், வால்வுகள், உருளைத்தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் ஆகியவற்றுள் எதில் கசிவு ஏற்பட்டாலும் காற்று போதிய அளவு சூடேறாது, எந்திரமும் இயங்காது.

இதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு அம்பாசிடர் மகிழுந்து. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மகிழுந்தின் வடிவத்தைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. நான்கு உருளைகளும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட டீசல் எந்திரம் பொருத்தப்பட்ட அம்பாசிடர்கள், வாடகை மகிழுந்துகளாக நாடெங்கும் ஓடின. 2014ஆம் ஆண்டு அம்பாசிடரின் உற்பத்தி நின்றது.

நிற்பதாலும் கெடும்

ஓடுவதால் தேயும் எந்திரம், ஓடாமல் நிற்பதாலும் கெடுகிறது. உலோகப் பரப்புகளைக் காத்துவந்த எண்ணெய்ப் படலம் மெல்ல வழிந்து அடித்தட்டுக்கு இறங்கிவிடுகிறது. நான்கு உருளை எந்திரம் எந்நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று உட்புகுகிறது. பிஸ்டன் வளையம் துருவேறி உருளைச் சுவருடன் ஒட்டிக்கொள்கிறது. தொட்டியில் தேங்கிய டீசல் காலப்போக்கில் பிசுபிசுப்பாகிறது. அதன் அடியில் நீர் சேர்கிறது. எரிபொருள் பம்பினுள் இயங்கும் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்களே. தலைமுடியின் தடிமனோ பல பத்து மைக்ரான்கள். அத்துணைக் குறுகிய இடத்தில் பிசின் படிந்தால் பம்ப் இறுகிவிடும். இரப்பர் வளையங்களும் குழாய்களும் விறைத்து வெடிக்கும்.

இந்நிலையில் மின்கலத்தை இணைத்து உடனே இயக்க முற்படுவது பெருங்கேடாகும். துரு உருளைச் சுவரைக் கீறும், வளையம் முறியும். பட்டறிவு மிக்கவர்கள் உருளைகளுக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள்கள் ஊறவைத்து, பின்னர்க் கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள். அசையாவிடில் முழுவதும் பிரிப்பதே வழி.

பிரிக்கும்போதே தொடங்கும் கோத்தல்

கழற்றும் ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்தது, எத்திசை நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் மூடிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், அவை எந்திரக்கட்டையுடன் சேர்த்துப் பூட்டப்பட்ட நிலையிலேயே துளை கடையப்பட்டவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலோ, முன்பின் மாற்றிப் பூட்டினாலோ துளையின் வட்டம் பிறழும். கிராங்க் தண்டு இறுகும். ஆதலால் உளியால் புள்ளியிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என அடையாளம் செய்வது பட்டறை மரபு. வால்வுகளும் அவ்வாறே, ஒவ்வொன்றும் தன் இருக்கையுடன் உராய்ந்து பழகியது.

அளவே ஆசான்

தூய்மை செய்தபின் அளத்தல் தொடங்கும். உருளையின் மேற்பகுதியே மிகுதியாகத் தேயும். ஆகவே மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளப்பர். தேய்மானம் மிகுந்திருந்தால் லேத் பட்டறையில் உருளையைக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவர்.

புதிய வளையத்தை உருளைக்குள் வைத்து, அதன் இருமுனைகளுக்கும் இடையேயுள்ள இடைவெளியை மெல்லிய தகட்டால் அளக்க வேண்டும். ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் விட்டமுள்ள இவ்வுருளைக்கு அது 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வெப்பத்தால் வளையம் விரியும். விரிய இடமில்லையெனில் முனைகள் முட்டி உருளையைக் கிழிக்கும்.

கோக்கும் முறை

எண்ணெய் செல்லும் துளைகளில் ஒரு மணல்துகளும் இருத்தல் ஆகாது. கிராங்க் தண்டை எண்ணெயிட்டு அமர்த்தி, ஒரு மூடியைப் பூட்டியதும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகே அடுத்த மூடி. எங்கேனும் இறுக்கம் தோன்றினால் கடைசியாகச் செய்த வேலையில்தான் பிழை இருக்கும். பிழையை அது தோன்றிய இடத்திலேயே பிடிக்க உதவும் இவ்வொழுங்கு, எத்தொழிலுக்கும் பொருந்தும்.

வளையங்களின் வெட்டுவாய்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையாதவாறு திருப்பிவைத்து, பிஸ்டன்களை உள்ளே இறக்குவர். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் வேகத்தில் பாதி வேகத்தில் சுழல வேண்டும். சக்கரங்களிலுள்ள குறிகளை ஒன்றோடொன்று பொருத்துவதே 'டைமிங் வைத்தல்' ஆகும். குறி தவறினால் மேலெழும் பிஸ்டன், திறந்த வால்வில் மோதும். உருளைத்தலையின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, அளந்த விசையுடன் இறுக்குதல் வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தலை சமமாக அமராது, அழுத்தம் கசியும்.

தெரிந்து தெளிவோம்

நாசிலிலிருந்து டீசல் வெளிப்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. அத்தெளிப்பு தோலைத் துளைத்து உட்புகும். புண் சிறிதாகத் தோன்றினாலும் உடனடி மருத்துவம் தேவை. நாசில் சோதனையின்போது கையை அருகில் கொண்டுசெல்லக் கூடாது.

முதல் இயக்கம்

எல்லாம் கோத்த பின்பும் அவசரம் ஆகாது. எரிபொருளை நிறுத்திவைத்து, எண்ணெய் அழுத்தம் தெரியும்வரை எந்திரத்தைச் சுழற்ற வேண்டும். பின்னர், எரிபொருள் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று சுருங்குமாதலால், அது இருக்கும்வரை நாசில் திறக்காது. டீசல் எந்திரத்தை நிறுத்த எரிபொருளைத் துண்டிக்க வேண்டும். ஆகவே அதற்குரிய கம்பி சரியாக இயங்குகிறதா என்பதை முதலிலேயே உறுதிசெய்தல் இன்றியமையாதது. இறுதியாக, சூடேற்றும் செருகிகளைச் சில நொடிகள் இயக்கிவிட்டுத் திருப்பினால், புகைகக்கித் தடுமாறிப் பின் சீராகும் அவ்வொலியைக் கேட்கலாம்.

எழுத வேண்டிய அறிவு

உற்பத்தி நின்றுபோன எந்திரத்திற்கு உதிரி உறுப்புகள் அருகும். அவற்றைவிட விரைவாக அருகுவது அதனைக் கோக்கத் தெரிந்த கைகள். ஒலியைக் கேட்டே கோளாற்றை உணரும் பட்டறைத் தொழிலாளரின் அறிவு, பெரும்பாலும் கண்டும் செய்தும் கைமாறுவது, எழுத்தில் ஏறாதது. அவர்கள் சொல்லும் சொற்களோடும் செய்யும் வரிசையோடும் அதனைத் தமிழில் பதிவுசெய்தால், அடுத்த தலைமுறை அதனைக் கற்கும். எந்திரத்தைப் பிரிப்பவர் ஒவ்வோர் உறுப்பிற்கும் குறியிட்டு வைப்பதைப்போல, தொழிலறிவிற்கும் இன்றே குறியிட்டு வைத்தல் கற்றவர் கடமையாகும்.