எந்தப் படியில் நிற்கிறது கணினி?

பொத்தானை அழுத்தியது முதல் திரை தெளியும் வரை மேசைக் கணினி நான்கு படிகள் ஏறுகிறது. முதலில் மின்சாரம் சீராக வர வேண்டும். அடுத்து மதர்போர்டு தன்னிடமுள்ள பாகங்களைச் சோதிக்கும். பிறகு ஹார்டு டிஸ்கைத் தேடும். கடைசியாக விண்டோஸ் ஏறும். நடுவில் நின்றுபோகும் கணினி, எந்தப் படியில் நின்றது என்பதை விளக்காலோ, சத்தத்தாலோ, திரையில் வரும் ஒரு வரியாலோ காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவு. பார்க்காமல் ‘ஃபார்மேட்’ அடித்தால் அதிலுள்ள கணக்கே போய்விடும்.

ஏலக்காய் வணிக ஊரான போடிநாயக்கனூரில் இந்த இழப்பு பெரிது. நறுமணப் பொருள் வாரியம் 2007இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு, ஏலக்காயின் விலை இங்கேயும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் கணினித் திரையில்தான் முடிவாகிறது. தோட்டத்தின் எடைக் கணக்கும் கூலிக் கணக்கும் வரி ரசீதும் கணினியில்தான் இருக்கின்றன. மலையில் காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும். சாரலும் பனிமூட்டமும் அதே மாதங்களில்தான் கனக்கும். கணினி அதிகம் தேவைப்படும் காலமும், ஈரம் அதை அதிகம் சோதிக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

பொத்தானை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையவில்லை என்றால் கோளாறு முதற்படியில். சுவர் பிளக், பவர் கேபிள், பெட்டியின் பின்புற சுவிட்ச், யூபிஎஸ் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். யூபிஎஸ்ஸை விலக்கி நேரடியாகச் செருகிப் பார்ப்பதிலேயே பல கோளாறுகள் தீர்ந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிமீது சந்தேகம் கொள்ளலாம். மின்சாரத்தைத் துண்டித்து, 24 முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்து மீண்டும் மின்சாரம் கொடுத்தால், உயிருள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுழலும். சுழல்வதாலேயே அது நல்லது என்று ஆகிவிடாது. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இந்த அளவுகள் சீரானதும் எஸ்எம்பிஎஸ் ஒரு ‘சரி’ சமிக்ஞை அனுப்பும். அது வந்து சேரும்வரை செயலி வேலையைத் தொடங்காது. மலைத்தோட்ட ஜெனரேட்டரின் நிலையற்ற மின்சாரமும் ஐப்பசி இடியும் முதலில் தாக்குவது இந்தப் பெட்டியைத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம், பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது.

விசிறி சுழல்கிறது, ஆனால் ‘டிஸ்பிளே வரவில்லை’ என்றால் இரண்டாம் படி. ரிப்பேர் கடைகளுக்கு அடிக்கடி வரும் புகார் இது. முதலில் மானிட்டர் கேபிளைப் பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அது சரியாக இருந்தால் அடுத்தது ராம் என்ற நினைவகப் பலகை. அதன் விளிம்பில் உள்ள பொன்னிற முனைகளில் ஈரமும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலம் படியும்போது தொடர்பு அறுந்துபோகிறது. மின்சாரத்தை நீக்கி, உடலின் நிலைமின் போக வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த முனைகளை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறமும் ‘கிளிக்’ கேட்கும்படி அழுத்திச் செருகினால் பல கணினிகள் எழுந்துவிடும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் சத்தமும் துணை செய்யும். கணினியைத் துவக்கும் மதர்போர்டு நிரலான பயாஸ், அவார்டு வகையாக இருந்து, ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் வந்தால் திரைப் பகுதியில் கோளாறு. நீண்ட பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராம். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் இதே வேலையைச் சிறு விளக்குகள் செய்கின்றன.

கடையில் நன்றாக ஓடிய கணினி தோட்டத்தில் ஓடவில்லை என்றால் கடைக்காரரை நோவதற்கு முன் வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுங்கிப் போகும் பெட்டிக்குள் ராமும் கார்டும் கேபிளும் தளரும். மலைக் குளிரிலிருந்து கீழே கொண்டுவந்தால் வேறொரு தொல்லை: வெதுவெதுப்பான காற்று பட்டதும் குளிர்ந்த உலோகத்தின்மீது நீர் பூக்கும். சில மணி நேரம் அப்படியே உலரவிட்ட பிறகே பிளக்கில் செருக வேண்டும்.

தேதி பழைய ஆண்டுக்குப் போய், பயாஸ் அமைப்பு கலைந்துபோனால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் வங்கித் தளங்களும் வரித் தளங்களும் திறக்க மறுக்கும். புது பேட்டரி போட்டு நேரத்தைத் திருத்தினால் போதும்.

துவக்க டிஸ்க் இல்லை என்ற செய்தி வந்தால் மூன்றாம் படி. பென்டிரைவ் செருகியிருந்தால் எடுத்துவிட வேண்டும். பயாசில் டிஸ்கின் பெயர் தெரியாவிட்டால் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டினால் மீண்டும் மீண்டும் இயக்கவே கூடாது. ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் தரவைக் குறைக்கலாம்.

விண்டோஸ் சின்னம் தோன்றியபின் நிற்கிறது அல்லது சுற்றிச் சுற்றித் தொடங்குகிறது என்றால் கோளாறு நான்காம் படியில், பெரும்பாலும் மென்பொருளில். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படித்தான் முடங்கின. அவற்றில் பலவற்றை மீட்க ஃபார்மேட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கினாலே எழுந்தன. துவக்கம் தொடர்ந்து தோற்றால் விண்டோஸ் தானே மீட்புத் திரையைக் காட்டும். ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’, கடைசிப் புதுப்பிப்பை நீக்குதல், சேஃப் மோட் ஆகியவை அங்கே கிடைக்கும். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியையும் கேட்கும். எதற்கும் அசையாவிட்டால், டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கணக்குக் கோப்புகளை நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவலாம்.