மலையேறாத வைத்தியம்

கிராமமே தேசத்தின் முதுகெலும்பு என்று மேடைதோறும் முழங்குவது நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. ஆனால் கிராமத்து உழைப்பாளியின் முதுகெலும்பு நோகும்போது அதற்கு வைத்தியம் செய்கிறவர் யார், அந்தச் செலவைக் கொடுக்கிறவர் யார் என்று யோசிப்பவர் மிகச் சிலரே. கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைச் சற்றுக் கவனித்தால் இக்கேள்வி எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

கல்வராயன் மலை 1976-ம் ஆண்டு வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆயினும் அந்தக் கல்லூரி இருப்பது சமவெளியில். நோயாளி இருப்பதோ வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள குக்கிராமங்களில். மரவள்ளி மூட்டையையும் விறகையும் சரிவிலே சுமந்து இறங்குகிற மலையாளி வகுப்பாருக்கு இடுப்பு வலியும் முதுகுப் பிடிப்பும் புதியவை அல்ல. உலகம் முழுவதிலும் 2020-ம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. சுமந்து பிழைப்பவனுக்கு வலி வந்தால், அன்றே கூலியும் நின்றுவிடுகிறது.

அவன் முதலில் நாடுவது சுளுக்கு எடுப்பவரையும் கட்டுப் போடுபவரையுமே. இதைக் கேட்டு நகைப்பதற்கு ஒன்றுமில்லை. சித்த வைத்திய நூல்கள் கூறும் 32 புறமருத்துவ முறைகளில் கட்டு, தொக்கணம், கொம்பு கட்டல், முறிச்சல் ஆகியவையும் அடங்கும். எலும்பு முறிந்தால் ஆந்திர நாட்டுப் புத்தூருக்கு ஓடும் வழக்கம் தமிழருக்கு இன்றும் உண்டு. கை வைத்தியரோ கேட்ட தொகை கொடு என்று வற்புறுத்துவதில்லை; கொடுத்ததை வாங்கிக் கொள்கிறார். பணமில்லாதவனுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்!

ஆனால் உண்மையை மறைப்பதும் தர்மமாகாது. கட்டு இறுகிப் போய் இரத்த ஓட்டம் நின்று, கை காலையே இழந்தவர்கள் உண்டு. முதுகெலும்பைப் பற்றிய க்ஷயரோகத்தைச் சாதாரணப் பிடிப்பு என்று எண்ணித் தேய்த்தால் விபரீதம் நேரும். அங்கீகரிக்கப்பட்ட படிப்பில்லாத பரம்பரை வைத்தியர் தொழில் செய்ய உரிமையில்லை என்று 2018-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு வந்தது, அவருக்குப் பதிலாக மலைமீது எவரை வைப்பது என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

இவ்விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத் தக்கது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர் செய்யும் ‘கைரோபிராக்டிக்’ என்னும் முறையை 1895-ம் ஆண்டில் அங்கே தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்தார் என்று 1906-ல் அவரைச் சிறையில் அடைத்தனர். 1913-ல் கான்ஸாஸ் ராஜ்யம் அத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. 1974-க்குள் எல்லா ராஜ்யங்களும் அவ்வாறே செய்தன. 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முதியோருக்கான சர்க்கார் இன்ஷ்யூரன்ஸிலும் இடம் கிடைத்தது. அதுவும் முதுகெலும்பைக் கையால் சீர் செய்வதற்கு மட்டுமே. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை நோயாளியே கொடுக்க வேண்டும். அந்த முறையின் தத்துவங்கள் யாவும் சரி என்று நாம் சொல்லவில்லை. முதலில் பரீட்சை, பிறகு லைசென்ஸ், அதன் பிறகே பொதுப் பணம் என்ற ஒழுங்கையே சுட்டிக் காட்டுகிறோம். நம் தேசத்திலோ அத்தொழிலுக்கு இன்றளவும் தனிச் சட்டம் இல்லை. நகரத்தில் அதை நடத்துவோரிடம் செல்கிறவர் தம் கைப்பணத்தையே கொடுக்கிறார்.

நம் ராஜ்யத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி கிடைக்கும். இது பாராட்டத் தக்க ஏற்பாடே. ஆனால் இந்த உதவி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கே உரியது. முதுகெலும்பில் கத்தி வைத்தால் லட்சக் கணக்கில் பணம் வரும். கத்தி வைக்காமலே காப்பாற்றக் கூடிய பத்து நாள் தேகப் பயிற்சிக்குக் காசு வராது! நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சி, கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை முதலியவற்றை உலக சுகாதார ஸ்தாபனமே 2023 டிசம்பரில் சிபார்சு செய்திருக்கிறது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி இலவசந்தானே என்று சிலர் கேட்கலாம். இலவசந்தான், மலையிலிருந்து இறங்குவதும் ஏறுவதும் இலவசமா? பத்துமுறை வரச் சொன்னால் பத்து நாள் கூலி போயிற்று. போக வர இருபது முறை வண்டிச் சத்தமும் போயிற்று. மூன்றாம் முறையோடு அவன் நின்றுவிடுகிறான். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று அவன் சீட்டில் எழுதுவது எளிது. ஒத்துழைக்காதது நமது ஏற்பாடல்லவா?

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது. குடிக்குக் காரணங்கள் பல. உடல் நோவும் அவற்றில் ஒன்று என்பதை மூட்டை சுமப்போரிடம் பேசிப் பார்த்தவர் அறிவர். மாண்டவர் குடும்பத்துக்குத் தலா ரூ.10 லட்சம் கொடுத்த சர்க்கார், உயிரோடிருப்பவனின் வலிக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. மலையிலுள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வாரம் ஒரு நாளாவது பிஸியோதெரபி நிபுணரும் சித்த வைத்தியரும் வர வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே சென்று பயிற்சி அளிக்கும் திட்டந்தான். அது கடைசிக் குக்கிராமம் வரையில் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்காமல் பெறும் சிகிச்சைக்கும், வண்டிச் சத்தத்துக்கும், இழந்த கூலிக்கும் காப்பீட்டில் இடம் வேண்டும். கட்டுப் போடுகிறவரை விரட்டாமல், எந்த நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவருக்குக் கற்பிக்க வேண்டும்.

ஓட்டுக் கேட்க மலையேறும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை செல்லும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் சென்ற மாதம் வைத்தியத்துக்காகத் தாங்கள் இழந்தது எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கணக்கைச் சட்டசபைக்குக் கொண்டு வாருங்கள். அதுவே உண்மையான தேச சேவை.