நோய்க்கு ஊர் உண்டு

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில், ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, நினைவு தப்பி, அவர்களுள் பலர் இறந்துபோவது பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டதால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2005ஆம் ஆண்டுப் பெரும்பரவலுக்குப் பின், 2006 முதல் அங்குத் தடுப்பூசி இயக்கம் நடத்தப்பட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது; ஆனால் அதே அறிகுறிகளோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது நிற்கவில்லை. அசுத்தமான குடிநீரில் வரும் வைரஸ்கள் மீது சந்தேகம் திரும்பிய காலமும் உண்டு.

உண்மையான காரணிகளுள் முதன்மையானது 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம், சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் நோயுற்ற குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பத்தில் ஆறு பேருக்கும் மேல் ‘ஸ்கரப் டைபஸ்’ எனும் உண்ணிக்காய்ச்சலின் தடயம் காணப்பட்டது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி தன் இளம்பருவத்தில் கடிப்பதால் உடலில் புகும் பாக்டீரியா இதனை உண்டாக்குகிறது. வயல்வெளியில் விளையாடுவது, மாட்டுத்தீவனத்தைக் கையாள்வது, வீட்டுக்குள் விறகை அடுக்கிவைப்பது, திறந்தவெளியில் மலம் கழிப்பது ஆகியவை குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. வைரஸாக இருந்திருந்தால் மருந்து கிடைப்பது அரிது. இதற்கோ டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற பழகிய, விலை மலிந்த மருந்துகளே போதும், காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டால். இத்தகைய கண்டுபிடிப்பில் எந்த நிறுவனத்துக்கும் காப்புரிமையோ லாபமோ இல்லை. இதற்கான செலவை அரசைத் தவிர வேறு யாரும் ஏற்க முன்வர மாட்டார்கள் என்பதே வட்டார மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு உதவி தேவைப்படுவதற்கான அடிப்படைக் காரணம்.

இந்த உதவி இந்தியாவுக்குப் புதியதன்று. 1911இல் தொடங்கிய இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகமே 1949இல் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலாயிற்று. அக்கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் அமைத்த காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் போதிய உணவின்றி வாழ்ந்த நோயாளிகளும் வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மாத்திரை உட்கொண்டால் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவர் என்று 1959இல் காட்டியது. உடன் வாழும் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை என்பதும் தெரிந்தபின், உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. வீட்டிலேயே சிகிச்சை தரலாமா என்ற கேள்வி பணக்கார நாட்டு மருத்துவமனை ஒன்றில் எழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

பின்னர் 1980களில் புவனேஸ்வர், திப்ருகர், போர்ட் பிளேர், ஜபல்பூர் முதலிய இடங்களில் ஐ.சி.எம்.ஆரின் வட்டார மையங்கள் எழுந்தன. அந்தமானில் நுரையீரலில் ரத்தம் கசியச்செய்து ஆளைக் கொன்ற மர்மக் காய்ச்சல் உண்மையில் எலிக்காய்ச்சலே என்று கண்டறிந்தது போர்ட் பிளேர் மையம்.

2007இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ்ச் சுகாதார ஆராய்ச்சிக்கெனத் தனித்துறை உருவானபின், உதவி பெரிய ஆய்வு நிறுவனங்களைத் தாண்டி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் கிராமங்களுக்கும் செல்லத் தொடங்கியது. வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வகங்களை வட்டாரம், மாநிலம், மருத்துவக் கல்லூரி என மூன்று நிலைகளில் அமைக்கும் திட்டம் 2013இல் ஏற்கப்பட்டது. செலவில் முக்கால் பங்கை மத்திய அரசும் கால் பங்கை மாநில அரசும் ஏற்பதும், வடகிழக்கு மாநிலங்கள் பத்தில் ஒரு பங்கை மட்டும் தருவதும் அதன் ஏற்பாடு. கல்லூரிகளில் பல்துறை ஆய்வுப் பிரிவுகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒட்டி மாதிரி ஊரக ஆய்வுப் பிரிவுகளும் தோன்றின. திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில் உள்ளது இவ்வகையில் ஒன்று. கொரோனா தொற்று வந்த 2020 ஜனவரியில் அதை உறுதிசெய்ய நாடு புனே நிறுவனத்தை நம்பியிருந்தது. சில வாரங்களில் மற்ற ஊர்களிலும் சோதனை நடத்த முடிந்ததென்றால், அதற்கு ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த இந்த வைரஸ் ஆய்வக வலையமைப்பே முதன்மைக் காரணம்.

கருவிகளும் கட்டடமும் ஒருமுறைச் செலவு என்பதால் அவற்றுக்கு ஒப்புதல் கிடைப்பது எளிது. ஆண்டுதோறும் வேண்டிய சோதனைப் பொருள்களுக்கும், ஒப்பந்தத்தில் சேர்ந்து நிரந்தரப் பணி கிடைத்ததும் விலகிவிடும் ஆய்வக விஞ்ஞானிகளைத் தக்கவைப்பதற்கும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. கல்லூரிகளிலோ, காலையில் வெளிநோயாளிகளைப் பார்த்து மாலையில் பாடம் நடத்தும் பேராசிரியரிடமே ஆய்வையும் எதிர்பார்க்கிறார்கள். அவருக்கு நேரம் ஒதுக்கித் தருவது எந்தத் திட்டத்தின் கணக்குத் தலைப்பிலும் வருவதில்லை. 2025–26 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டபோது, ஆராய்ச்சித் துறையின் பங்கு சுமார் 3,900 கோடி, அதாவது நூறு ரூபாயில் நான்கு ரூபாய். ஜம்மு, ஜபல்பூர், பெங்களூரு, திப்ருகர் ஆகிய இடங்களில் வைராலஜி நிறுவனங்கள் அமைக்கும் 2021ஆம் ஆண்டுத் திட்டமும் இந்த நான்கு ரூபாய்க்குள்தான் தன் ஆட்களுக்குச் சம்பளம் தேட வேண்டியிருக்கும்.