உறக்கமற்ற சிறு சர்வர்

ரயில் முன்பதிவையோ வங்கிக் கணக்கையோ தாங்கி நிற்கும் பெரிய சர்வர் ஒன்று நள்ளிரவில் மூர்ச்சையாகிவிட்டால், அதை எழுப்புவதற்கென்றே தொலைதூரத்துத் தரவு மையத்துக்கு ஓர் ஊழியர் வண்டியேறிப் போக வேண்டியிருந்த காலம் உண்டு. இன்றோ அவர் வீட்டிலிருந்தபடியே பிரௌசரில் ஒரு முகவரியைத் தட்டி, விசிறிகளின் வேகத்தையும் பிராசஸரின் உஷ்ணத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தி யந்திரத்தை மறுபடி கிளப்பிவிடுகிறார். மூர்ச்சையுற்ற யந்திரம் தன் ஸ்திதியைத் தானே எப்படிச் சொல்லும்? சொல்வது அதன் மதர்போர்டிலேயே குடியிருக்கும் பி.எம்.சி. என்னும் பிரத்தியேகச் சிறு கணினி. பெரிய யந்திரம் அணைந்தாலும், பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையிலிருந்து வரும் காத்திருப்பு மின்சாரத்தைக் கொண்டே அது விழித்திருக்கும். அதற்குத் தனி மெமரி, பெரும்பாலும் தனி லினக்ஸ், தனி வெப் சர்வர்.

இத்தகைய கண்காணிப்புக்கு 1998-இல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையை வகுத்தன. 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் என்ற விதிமுறை, வெப் பக்கங்கள் பேசும் எச்.டி.டி.பி. முறையிலேயே இந்த நிர்வாகத்தையும் நடத்த வழிசெய்தது.

பி.எம்.சி.யின் மென்பொருள், கெர்னல் முதல் வெப் பக்கத்திலுள்ள படங்கள் வரை அத்தனையும், பல போர்டுகளில் 32 மெகாபைட் ஃபிளாஷ் சிப்புக்குள் அடங்கியாக வேண்டுமாதலால், அந்த மென்பொருளைக் கட்டுகிறவர் காசி யாத்திரைக்கு மூட்டை கட்டுகிறவரைப் போல ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, அவசியமா என்று கேட்டே உள்ளே வைக்கிறார். மென்பொருளை வேறொரு பெரிய கணினியில் கம்பைல் செய்து, பக்கங்களை முன்னதாகவே சுருக்கி வைப்பது வழக்கம்.

ஆயினும் இதில் புத்தியைச் சோதிப்பது இடநெருக்கடியன்று. யந்திரத்தை அணைக்கும் கட்டளையை, முகவரியைத் தொட்டாலே நிறைவேறும் 'கெட்' கோரிக்கையாக எழுதிவிட்டால், சுட்டிகளை முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள எந்த மென்பொருளும், மனிதர் ஒருவரும் விரும்பாமலே, அதை அணைத்துவிடக்கூடும். ஆகவேதான் ரெட்ஃபிஷ் அக்கட்டளையை, அப்படிப் புரட்டிப் பார்ப்பதால் மட்டும் நிறைவேறாத 'போஸ்ட்' கோரிக்கையாகக் கேட்கிறது. கடிகாரத்தின் சங்கதி இன்னும் வேடிக்கையானது. பேட்டரி இல்லாத போர்டு விழித்தெழும்போது தேதியை 1970 ஜனவரி 1 என்று எண்ணிக்கொள்வதுண்டு. அந்த மயக்கத்தில் தனக்குத் தானே அது எழுதிக்கொள்ளும் பாதுகாப்புச் சான்றிதழ் பத்தாண்டு செல்லும்படி இருந்தாலும் 1980-லேயே காலாவதியாகிவிடும். பிரௌசர் அதை ஏற்க மறுப்பதில் வியப்பென்ன! என்.டி.பி. சர்வரிடம் நேரம் கேட்டறிந்த பின்னரே சான்றிதழ் எழுதும்படி அமைப்பது உத்தமம்.

என் அபிப்பிராயத்தில், இவற்றைக் காட்டிலும் பெரிய ஆபத்து தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவிடும் அசிரத்தையே. 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஏறத்தாழ அறுபது சகஜமான கடவுச்சொல் ஜோடிகளை டெல்நெட் வழியே முயன்று பார்த்தே, கேமராக்களும் ரௌட்டர்களுமாக லட்சக்கணக்கான சாதனங்களைக் கைப்பற்றியது. இணையத்தோடு இணையும் சாதனத்துக்குத் தனித்தனிக் கடவுச்சொல்லோ, முதல் உபயோகத்திலேயே அதை மாற்றும் ஏற்பாடோ வேண்டுமென்று கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பி.எம்.சி.க்கென்று பல போர்டுகளில் பிரத்தியேக நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. அதை நிர்வாகிகள் மட்டுமே அணுகும் தனி நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும். கேபிள் செலவை மிச்சம் பிடிப்பதற்காகப் பொது ஸ்விட்சிலேயே செருகிவிடும் அலுவலகங்கள், வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கின்றன.